முதுசக் கதிரை

புஸ்பராணி வேலை செய்கிற முதியோர் இல்லத்துக்கு ஒரு பிரபு வந்து சேர்ந்திருக்கிறார் என்று தனேஸ்வரி சொன்னபோது அவள் நம்பவில்லை. சிட்னியில், ஹோம்புஷ் ரயில்பாதைக்குப் பின்னால் ஒரு செங்கல் கட்டடத்தில் கிடந்து மசித்த உருளைக்கிழங்கு தின்ன வேண்டும் என்று ஒரு பிரபுவுக்கு என்ன தலையெழுத்து?

தனேஸ்வரி மலேசிய ஈப்போக்காரி, அங்கே நர்ஸ். வாய் சும்மா இருக்காது. "நெசமாவே லார்டு லா. கதவுல பேரு போட்டிருக்கு, போய்ப் பாரு. லார்டா இருந்தா என்னா, டயப்பர் நாமதானே மாத்தணும்."

கதவில் 'லார்ட் மரோபி' என்று இருந்தது. புஸ்பராணி அதை இரண்டு தரம் வாசித்தாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சிரிக்காதீர்கள். முல்லைத்தீவில் அவள் படித்த வரலாற்றுப் புத்தகத்தில் சோல்பரிப் பிரபு என்று ஒருவர் வருவார். அவர் கப்பலேறி வந்தார், எல்லாரையும் விசாரித்தார், எழுதிக்கொடுத்தார், இலங்கையின் அரசியலமைப்பே மாறியது. பிரபு என்றால் வந்து விசாரிக்கிறவர். அவர் விசாரித்தால் அரசாங்கம் எழும்பி நின்று பதில் சொல்லும். அவ்வளவுதான் அவள் படித்தது. பரீட்சைக்கு அது போதுமாக இருந்தது.

அவளிடம் விசாரிப்பதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கணவன் விஜிதரன் எங்கே?

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், போர் முடிந்த கையோடு, வட்டுவாகல் பாலத்தடியில் இராணுவத்தினர் விஜிதரனை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அவன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "பிள்ளைக்குத் தண்ணி குடு, வெயிலுக்க நிக்காத" என்றான். மூன்று வயதுச் சுலக்சனா இடுப்பில் இருந்தாள். பஸ் போனது. அதற்குப் பிறகு புஸ்பராணி ஏறாத படி இல்லை. ஒவ்வொரு படியிலும் யாரோ அவள் சொன்னதைக் கவனமாக எழுதிக்கொண்டார்கள், இரக்கமாகத் தலையை ஆட்டினார்கள், பிறகு கையை விரித்தார்கள். மூன்று வருடம் அலைந்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவுஸ்திரேலியாவுக்குப் படகேறினாள். கிறிஸ்மஸ் தீவு, முகாம், கோழித் தொழிற்சாலை, டூங்கபியில் ஒரு கராஜை மறித்துக் கட்டிய அறை என்று காலம் போயிற்று. முதியோர் பராமரிப்புப் படிப்பை முடித்து இந்த வேலைக்கு வந்தாள். நிரந்தர விசாவும் ஒருவழியாகக் கிடைத்தது. ஆனால் அந்தப் பஸ் எங்கே போனது என்று மட்டும் எந்த நாயும் சொல்லவில்லை.

அதனால் அவள் விஜிதரனுக்கு அந்தியேட்டி செய்யவில்லை. திவசம் கொடுக்கவில்லை. பொட்டை அழிக்கவில்லை. அவன் பிறந்தநாளுக்குக் கணவாய்க் கறி வைத்து ஒரு கோப்பையில் தனியே போட்டு வைப்பாள். மறுநாள் அதை யாரும் சாப்பிடமாட்டார்கள். செத்துப்போனான் என்று அவள் வாய் சொன்னால், கடைசி ஆளும் தேடுவதை விட்டுவிட்டதாகிவிடும். பதினான்கு வருடமாகத் தேடுகிற கடைசி ஆள் அவள்தான்.

பிரபுவுக்கு எண்பத்து மூன்று வயது. நெட்டையான மனிதர், வெள்ளைப் பூனைமுடி, நல்ல மரியாதை. ஷேவ் எடுத்துவிட்டால் நன்றி சொல்வார், கால் நகம் வெட்டினால் நன்றி சொல்வார். எல்லாரும் அவரை ஹியூ என்று பெயர் சொல்லிக் கூப்பிட, புஸ்பராணி மட்டும் 'மை லார்ட்' என்பாள். கிழவருக்கு அது பிடித்திருந்தது. தன்னை யாரும் அப்படிக் கூப்பிட்டு இருபது வருடத்துக்கு மேலாகிறது என்றார்.

அவருடைய அரசியல் கதையை ஷேவ் எடுக்கும்போதுதான் அவள் துண்டு துண்டாகக் கேட்டறிந்தாள். ஒருவரும் அவருக்கு வாக்குப் போடவில்லை. தகப்பன் செத்தார், லண்டனில் பிரபுக்கள் சபையில் தகப்பன் இருந்த ஆசனம் மகனுக்கு வந்தது. வளவும் கிணறும் பனையும் பிள்ளைக்கு வருகிற மாதிரி.

"முதுசம்," என்றாள் புஸ்பராணி தமிழில். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. முதுசக் காணி தெரியும், முதுசமாகக் கதிரை வருமென்று இப்போதுதான் தெரிந்தது.

இருபத்தொரு வருடம் அந்தக் கதிரையில் இருந்தார். தொண்ணூற்று ஒன்பதில் புதுச் சட்டம் வந்தது. பரம்பரைப் பிரபுக்களில் தொண்ணூற்று இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை வெளியே போங்கள் என்றார்கள். இவர் வெளியே போனார். மனைவி சிட்னிக்காரி, அவளோடு இங்கே வந்தார். அவளும் செத்தாள். மகள் பென்னி இந்த இல்லத்தில் கொண்டுவந்து விட்டாள்.

கேட்டுக்கொண்டிருந்த புஸ்பராணி ரேஸரைத் தாழ்த்தினாள். "அப்ப இனிப் போக ஏலாதா, மை லார்ட்?"

ஏலும் என்றார். அங்கேதான் வந்தது வினை. அந்தத் தொண்ணூற்று இரண்டு பேரில் ஒருவர் செத்தாலோ விலகினாலோ இடைத்தேர்தல் வைப்பார்களாம். வெளியே நிற்கிற பரம்பரைப் பிரபுக்கள் யாரும் போட்டி போடலாமாம். வாக்குப் போடுவது உள்ளே இருக்கிற சொற்பப் பேர்தான். ஒருமுறை வாக்காளர் மூன்று பேர், வேட்பாளர் ஏழு பேர் என்று சொல்லிக் கிழவர் குலுங்கிச் சிரித்தார். புஸ்பராணி சிரிக்கவில்லை. மூன்று பேரைப் பிடிப்பது என்ன பெரிய வேலையா? டூங்கபியில் தமிழ்ச் சங்கத் தலைவர் பதவிக்கே முந்நூறு பேர் வாக்குப் போடுகிறார்கள்.

அன்றைக்கு அவள் ரேஸரைக் கழுவி வைத்துவிட்டு, அவர் கட்டிலோரம் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள். பாலம், பஸ், ஜன்னல், தண்ணீர். தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள், தெரியாத இடத்தில் கையால் சொன்னாள். கடைசியில் அவள் சொன்னாள்: "காசு வேண்டாம். வழக்கு வேண்டாம். உங்கட சபையில ஒருக்கால் எழும்பி நிண்டு அவற்ற பேரைச் சொல்லிக் கேளுங்கோ. கேட்டால் அமைச்சர் பதில் சொல்லத்தானே வேணும்?"

"ஆம், பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். அதுதான் அங்கே விதி," என்றார் பிரபு. பிறகு, "நான் கேட்கிறேன், மிஸஸ் விஜிதரன்" என்றார்.

பாவி மனிதர், அதை மனதாரச் சொன்னார். அதுதான் கொடுமை.

லிஃப்டில் இறக்குவதற்கே இரண்டு பேர் வேண்டிய ஆளை யார் லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போவது? இந்தக் கேள்வி தனேஸ்வரிக்கு வந்தது, சமையல்காரனுக்கு வந்தது. இவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் வரவில்லை. காலையில் ஷேவ் எடுக்கும்போது பெயர்ப் பயிற்சி நடக்கும். 'விஜிதரன்' அவர் வாயில் முதலில் உடைந்து உடைந்து வந்தது. சோப்பு நுரையோடு திரும்பத் திரும்பச் சொல்லுவார். சில வாரத்தில் வன்னியில் பிறந்தவர் மாதிரிச் சொல்லத் தொடங்கினார்.

அதோடு விட்டிருக்கலாம். புஸ்பராணி செய்த பிழை, சங்கத்து அருந்தவன் அங்கிளிடம் போய்ச் சொன்னது. அருந்தவனைச் சும்மா சொல்லக்கூடாது, உழைப்பாளி. யாராவது எம்.பி. டூங்கபிப் பக்கம் பெட்ரோல் அடிக்க வந்தாலும் பொன்னாடையோடு போய் நிற்பார். பிரபு என்று கேட்டதும் மனிதருக்கு நிலைகொள்ளவில்லை.

"பிள்ளை, உந்த விசயத்தை ஏன் இவ்வளவு நாளும் பொத்தி வச்சிருந்தனீ? பிரித்தானியப் பிரபு எண்டால் சும்மாவே? விடு, நாங்கள் பெரிசாச் செய்வம்."

"அவர் இன்னும் வெல்லேல்லை அங்கிள்."

"வெல்லுவார். வெல்ல முந்தியே கௌரவிச்சால்தானே நாளைக்கு எங்களை மறக்கமாட்டார்!"

ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் வேட்டி சால்வையோடு இல்லத்துக்கு வந்து, சக்கர நாற்காலியில் இருந்த பிரபுவுக்குப் பச்சைப் பொன்னாடை போர்த்தினார்கள். கழுத்தில் மாலை, கையில் நினைவுக் கேடயம். அவர் எல்லாருக்கும் நன்றி சொன்னார். படம் மத்தியானமே வாட்ஸ்அப்பில் பறந்தது: 'காணாமல் ஆக்கப்பட்டோருக்காகப் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் குரல் எழுப்புகிறார் மரோபிப் பிரபு.' எழுப்பப்போகிறார் என்றில்லை, எழுப்புகிறாராம். தமிழ் வானொலியிலும் சொன்னார்கள்.

படம் கடல் தாண்டி வன்னிக்கும் போனது. வீதியோரக் கொட்டகையில் பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக இருக்கிற தாய்மார் அதைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி, புஸ்பராணியின் பழைய அயல்வீட்டுக்காரி, வீடியோவில் வந்தாள். எழுபது வயதுக் கிழவி, மகன் சுதர்சனை அதே மாதிரிப் பறிகொடுத்தவள்.

"பிள்ளை, உன்ர பிரபுவிட்ட என்ர பொடியனையும் சொல்லுறியே? ஒரு பேர்தானே, கூட ஒரு வரி."

"சொல்லுறன் அம்மா."

"எப்ப கேப்பாராம்?"

"கெதியில அம்மா, கெதியில."

ஆறு மாதத்தில் ஒரு இடம் வெறுமையானது. உள்ளே யாரோ ஒரு பிரபு பதவியை விட்டு இளைப்பாறினார். வேட்பாளர் தன்னைப் பற்றி எழுபத்தைந்து சொல்லுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். மற்றவர்கள் தங்கள் பட்டாளத்துச் சேவை, பண்ணை, பேரப்பிள்ளைகள் என்று எழுதுவார்கள். மரோபிப் பிரபு, முல்லைத்தீவு விஜிதரன், சுதர்சன் என்ற இருவர் பற்றி அரசாங்கத்திடம் ஒரு கேள்வி கேட்பதே தமது நோக்கம் என்று எழுதினார். பென்னி தலையில் அடித்துக்கொண்டே அதை அனுப்பிவைத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை புஸ்பராணி மேய்ஸ் ஹில் கோயில் முருகனிடம் போனாள். அதுவரைக்கும் அவள் முருகனோடு கோபம், உள்ளே போனாலும் கும்பிடமாட்டாள். அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். உனக்குத் தூக்குக் காவடி வேணுமோ, பால்குடம் வேணுமோ, எல்லாம் எடுக்கிறன். மூண்டு நாலு வெள்ளைக்காரற்ற மனசை மாத்திவிடு. அவ்வளவுதானே அப்பனே.

முடிவு வந்தது. மரோபிப் பிரபுவுக்குக் கிடைத்த வாக்கு: ஒன்றுமில்லை. ஒரே ஒரு மனிதன்கூட, விருப்ப வரிசையில் ஐந்தாவது தெரிவாகக்கூட, அவரைக் குறிக்கவில்லை.

"அடுத்த முறை," என்றார் பிரபு.

அடுத்த முறையே வரவில்லை. அடுத்த வருடம் லண்டனில் ஆட்சி மாறியது. இடைத்தேர்தல்களை நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருக்கிற பரம்பரைப் பிரபுக்களையும் அனுப்பிவிடச் சட்டம் கொண்டுவந்தார்கள். நியாயம்தானே? தகப்பன் செத்ததற்காக மகனுக்கு நாட்டை ஆளும் கதிரை எதற்கு? தனேஸ்வரி தன் டெலிபோனில் வந்த அந்தச் செய்தியை வாசித்துக் காட்டிவிட்டு, "நல்லதுதான் லா, இது எந்தக் காலத்துக் கூத்து!" என்றாள். பக்கத்தில் போர்வை மடித்துக்கொண்டிருந்த புஸ்பராணியின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

அருந்தவன் அங்கிளுக்கு ஃபோன் எடுத்தால், "பிள்ளை, நான் டிரைவிங்கில நிக்கிறன்" என்பார். எப்போது எடுத்தாலும் டிரைவிங்கில்தான் நின்றார்.

வன்னிக் கிழவி மட்டும் விடாமல் எடுத்தாள். "பிரபு கேட்டவரே பிள்ளை?" புஸ்பராணி உண்மையைச் சொல்லவில்லை. அடுத்த மாதம் என்றாள். அதற்கடுத்த மாதம் என்றாள். ஒருநாள் அந்த நம்பரிலிருந்து கிழவியின் மகள் எடுத்தாள். அம்மா செத்துப்போய், எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கும் முடிந்துவிட்டது என்றாள். கடைசிவரை, வெள்ளைக்காரப் பிரபு தம்பியைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று வாறவர் போறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். புஸ்பராணி அன்றைக்கு இல்லத்துச் சலவை அறைக்குள் போய், இயந்திரம் ஓடுகிற சத்தத்துக்குள் வாய்விட்டு அழுதாள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. சுலக்சனா இப்போது பல்கலைக்கழகத்துப் பிள்ளை. பாதி இங்கிலீஷும் பாதித் தமிழுமாகச் சண்டை பிடிப்பாள்.

"அம்மா, ப்ளீஸ். ஹீ இஸ் நாட் கமிங் பேக். உங்களுக்கும் தெரியும்."

"வாயை மூடு. செத்தவர் எண்டு ஆர் சொன்னது? சொன்ன ஆளைக் காட்டு."

"எனக்கு அப்பாவுக்காக அழக்கூட விடுறியள் இல்லை அம்மா. ஃபிரெண்ட்ஸ் கேட்டா நான் என்ன சொல்லுறது? மிஸ்ஸிங் எண்டா? ஐ ஆம் நைன்டீன். அழுறதுக்கு ஒரு நாள்கூட இல்லை."

அந்த வாரம்தான் பென்னி வந்து உண்மையை உடைத்தாள். கெட்ட பெண் அல்ல. தகப்பனுக்குப் புதுச் சட்டை கொண்டுவந்தவள், வராந்தாவில் புஸ்பராணியை மறித்து மெதுவாகச் சொன்னாள். அப்பா உங்களுக்கு எதையெதையோ சொல்லியிருக்கிறார் போல. தயவுசெய்து எதிர்பார்க்காதீர்கள். இருபத்தொரு வருடம் அந்தச் சபையில் இருந்தார். ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு கேள்விகூட இல்லை. போவார், மத்தியானம் சாப்பிடுவார், வந்துவிடுவார்.

மறுநாள் ஷேவ் எடுக்கும்போது புஸ்பராணி கேட்டாள். மனதில் இருந்த ஆத்திரத்தில் நன்றாகவே கேட்டாள். "ஏன் எனக்குச் சொல்லேல்லை, மை லார்ட்? இருபத்தொரு வருசம் கதிரை கிடைச்சும் வாய் திறக்காத மனிசன், இல்லாத கதிரையில இருந்து எப்பிடிக் கேக்கிறது?"

கிழவர் கண்ணாடியில் தன் பாதி நுரை முகத்தைப் பார்த்தார். ஒவ்வொரு காலையும் இன்றைக்கு எழும்பலாம் என்று நினைத்துப் போவேன், என்றார். எழும்பினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கோ சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. "இப்போது இருக்கிறது, மிஸஸ் விஜிதரன். சொல்ல இடம் இல்லை."

அவளுக்கு வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது. மீதி முகத்தை வழித்துவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பெயர்ப் பயிற்சியும் நின்றது.

குளிர்காலம் வந்ததும் பிரபு விழுந்துபோனார். சிறுநீரில் கிருமி, காய்ச்சல், ஆளுக்கு இடம் வலம் தெரியவில்லை. பென்னியைத் தன் மனைவி என்றார். தனேஸ்வரியை ஏதோ ஒரு சீமாட்டி என்று நினைத்துக் கும்பிடு போட்டார். "பாத்தியா, எனக்கும் பட்டம் குடுத்துட்டாரு," என்றாள் தனேஸ்வரி, கண் கலங்கிக்கொண்டே.

ஒரு மத்தியானம் புஸ்பராணி தலையணை உறை மாற்றப் போனாள். ஜன்னல் வெயில் கட்டிலில் விழுந்திருந்தது. டிவியில் சத்தமில்லாமல் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. கிழவர் விழித்திருந்தார். அவளைக் கண்டதும் கட்டில் கம்பியைப் பிடித்து எழும்பப் பார்த்தார்.

"மை லார்ட், வேண்டாம், விழுந்திடுவியள்," என்று ஓடிப்போய்த் தாங்கினாள்.

அவர் கேட்கவில்லை. எங்கிருந்து பலம் வந்ததோ, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, அவள் தோளில் ஒரு கையை வைத்து நிமிர்ந்து நின்றார். ஆஸ்பத்திரிச் சட்டை முழங்காலுக்கு மேலே தொங்கியது. அலுமாரியைப் பார்த்து, சுவரைப் பார்த்து, அங்கே வரிசை வரிசையாக யாரோ இருக்கிற மாதிரித் தலை வணங்கினார்.

"மை லார்ட்ஸ்," என்று தொடங்கினார். குரல் நடுங்கவில்லை. மாட்சிமை தங்கிய அரசாங்கத்திடம் ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டுகிறேன் என்றார். முல்லைத்தீவைச் சேர்ந்த திரு. விஜிதரன், இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் வட்டுவாகல் பாலத்தடியில், மனைவியும் குழந்தையும் பார்த்திருக்க ஒரு பஸ்ஸில் ஏற்றப்பட்டார். அவர் எங்கே?

ஒரு எழுத்துப் பிசகாமல் பெயரைச் சொன்னார். சுதர்சனையும் மறக்காமல் சொன்னார். பிறகு அவள் தாங்கத் தாங்க மெல்லக் கட்டிலில் அமர்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தார்.

புஸ்பராணி அவர் வேறெதையாவது சொல்வாரென்று நின்றாள். அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள், பின்னால் அலுமாரிதான் இருந்தது. அந்த அறையில் அமைச்சர் என்று வேறு யாரும் இல்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்லத்தானே வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொன்னவள் அவள்தான்.

கிழவரின் நீலக் கண் அவளை விட்டு அசையவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை.

"ஹீ டைட், மை லார்ட்," என்றாள் புஸ்பராணி.

சொன்னது தன் வாய்தானா என்று இருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தமிழில் இன்னொருதரம் சொன்னாள். "செத்துப்போனார். ரெண்டு பேரும் செத்துப்போச்சினம். அந்த மே மாசமே முடிஞ்சுது."

பிரபு தலையை அசைத்தார். மதிப்புக்குரிய அமைச்சருக்கு நன்றி என்றார். அவள் அவர் கால்களைக் கட்டிலில் தூக்கி வைத்துப் போர்த்திவிட்டதும் கண்ணை மூடினார். தம் வாழ்நாளில் அவர் கேட்ட ஒரே கேள்வி அது. மூன்றாம் நாள் போய்விட்டார்.

அந்த மத்தியானமே அவள் வராந்தாவுக்கு வந்து சுவரோடு சாய்ந்து நின்று சுலக்சனாவுக்கு ஃபோன் எடுத்தாள். பிள்ளை விரிவுரையில் இருந்தாள் போல, எடுத்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா? வாட் ஹாப்பண்ட்?"

"பிள்ளை, அப்பாவுக்குத் திவசம் செய்ய வேணும். பின்னேரம் வா, மேய்ஸ் ஹில்லுக்குப் போய் ஐயரோட கதைப்பம்."

அந்தப் பக்கத்தில் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. வகுப்புக்குள்ளேயே, யாரையும் பார்க்காமல், சிறுபிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள். புஸ்பராணி அழ விட்டாள்.

கடைசியில் சுலக்சனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "ஐயர் செத்த திகதி கேப்பாரே அம்மா. என்ன சொல்லுறது?"

"பஸ் ஏறின நாளைச் சொல்லுவம்," என்றாள் புஸ்பராணி. "வேற நாள் எங்களிட்ட இல்லை."

நாலாம் அறையில் மணி அடித்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.